பாட்டி நடை

எங்கள் வீட்டில் சிபியு என்றால், மேசைக்கடியில் நின்றுகொண்டு போகிற வருகிறவர்களின் கால் கட்டைவிரலைப் பதம் பார்க்கும் அந்த இரும்புப் பெட்டி முழுவதும்தான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், சிபியு என்ற நான்கே உறுப்புகளை வைத்துக்கொண்டு கணினி என்ற உயிரினத்தைப் புரிந்துகொண்ட தலைமுறை அல்லவா நாம். அதனால், "சிபியுவை மாத்தலாமான்னு யோசிச்சிட்டிருக்கேன்" என்று ஒரு சனிக்கிழமை காலையில் நான் சொன்னபோது, "பெட்டி நல்லாத்தானே இருக்கு, தொடைச்சா போதும்" என்றாள் மனைவி. நான் சொல்வது பெட்டியை அல்ல, பெட்டிக்குள் போர்டு, போர்டின் மேல் விசிறி, விசிறிக்கடியில் ஒளிந்திருக்கும் தீப்பெட்டி அளவு சில்லு என்று விளக்கினேன். கேட்டுவிட்டு, "அவ்ளோ சின்னதுக்கா ஆறு மாசமா யோசிக்கிறீங்க?" என்றாள்.

ஆறு மாசம் என்றது அவளுடைய பெருந்தன்மை. 2017-இல், ரைசன் என்ற பெயர் கடைத்தெருவுக்கு வந்த அதே வருஷத்தில், ரைசன் 5 1600 ஒன்றை, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் என்று பெருமையாகச் சொல்லி வாங்கினேன். அதற்குப் பிறகு கிராபிக்ஸ் கார்டு ஒரு முறை மாறியது, ஹார்ட் டிஸ்க் போய் எஸ்எஸ்டி வந்தது, மகள் எல்கேஜியிலிருந்து ஏழாம் வகுப்புக்குப் போனாள், சில்லு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஓய்வு கொடுத்தார்கள். விண்டோஸ் 11-க்குத் தகுதியான பிராசஸர்களின் பட்டியலில் ரைசன் வரிசை 2000-இல் தொடங்குகிறது, என்னுடையது 1000. பிளஸ் டூவில் எனக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேர்ந்தது: கட்-ஆஃபில் போய்விட்டது.

முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, போர்டையும் ரேமையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதே ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் புதிய சில்லு ஒன்றைப் போடுவது. குடித்தனக்காரரை மட்டும் மாற்றுவது போல. இன்னொன்று, வீட்டையே மாற்றுவது: 2022-இல் வந்த ஏஎம்5 போர்டு, அதற்கு டிடிஆர்5 ரேம், அதற்கேற்ற பிராசஸர். இதைப் 'பிளாட்பார்ம் மாற்றுவது' என்பார்கள். தமிழில் பிளாட்பாரத்துக்கு வருவது என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். கொட்டேஷனைப் பார்த்தபோது இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டேன்.

கொட்டேஷன் என்றதும் அப்பா ஞாபகம். 1999-இல் மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நானும் அப்பாவும் நுழைந்தபோது, அவர் கக்கத்தில் மஞ்சப்பை, அதற்குள் பி.எஃப். லோன் போட்டு எடுத்த பணம், அதன்மேல் பணம் தெரியாமல் இருக்க ஒரு துண்டு. அந்தத் துண்டைப் பார்த்தாலே உள்ளே பணம் இருக்கிறது என்று தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். மூன்று கடைகளில் துண்டுச் சீட்டில் விலை எழுதி வாங்கி, நூற்றைம்பது ரூபாய் வித்தியாசத்துக்காக மூன்று கடைகளுக்கும் இரண்டு முறை நடந்து, நடுவில் ஒரு பன்னீர் சோடாவைப் பங்கு போட்டுக் குடித்து, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வந்தோம். கடை பாயிடம் நான் மெமரியை 32-இலிருந்து 64 எம்பி ஆக்கலாமா என்று கேட்டேன். "மெமரி வேணும்னா வல்லாரைக் கீரை சாப்பிடு, அது போதும்" என்று அப்பா முடித்துவைத்தார். பாய் சிரித்துவிட்டு, "தம்பி, அப்புறமா வா, ஸ்லாட் காலியாத்தான் இருக்கும்" என்றார். கணினிக்குள் காலியாக ஒரு இடம் இருக்கிறது, அதை நிரப்ப ஒருநாள் நான் திரும்பி வரலாம் என்ற அந்த நினைப்பிலேயே இரண்டு வருஷம் ஓட்டினேன். இன்று அந்த நினைப்பை யாரும் தனியாக விற்பதில்லை.

ஆட்டோவில் பதினாலு இன்ச் மானிட்டரைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு தாம்பரம் வந்து சேர்ந்தோம். அம்மா அதன் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்தாள். கண்ணாடியில் வைக்காதே என்று நான் அலறியதால் ஓரத்தில் வைத்தாள். அந்தக் குங்குமக் கறை மானிட்டர் இருந்தவரை இருந்தது.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது செலரான் 300ஏ. பெயர் கேட்டதும் சில வாசகர்களின் முகம் மலர்ந்திருக்கும். மற்றவர்களுக்குச் சின்ன விளக்கம். 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரானில் கேஷ் எனப்படும் இரண்டாம் நிலை உள்நினைவகமே கிடையாது. அஞ்சறைப் பெட்டி இல்லாத சமையற்காரர் மாதிரி. கடுகு வேண்டுமென்றாலும் ஸ்டோர் ரூமுக்கு ஓட வேண்டும். தாளிப்பதற்குள் எண்ணெய் கருகிவிடும். எல்லோரும் சிரித்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் வந்த 300ஏ-வில் 128 கேபி கேஷைச் சில்லுக்குள்ளேயே, சில்லின் முழு வேகத்தில் ஓடும்படி வைத்தார்கள். சின்ன அஞ்சறைப் பெட்டிதான், ஆனால் அடுப்புக்குப் பக்கத்திலேயே. அதுமட்டுமல்ல, 66 மெகாஹெர்ட்சில் ஓட வேண்டிய பஸ்ஸை 100-க்கு ஏற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450-இல் ஓடும். அந்த வருஷத்தில் ராஜா வீட்டு வேகம் அது.

ஏற்றுவது எப்படி என்பதுதான் கேள்வி. என் போர்டில் அதற்கான ஜம்பர் இல்லை. செலரான் அப்போது கேசட் போல நிமிர்ந்து நிற்கும் ஸ்லாட் 1 அட்டையாக வந்தது. அதன் தங்க நிற விளிம்பில் பி21 என்ற ஒரே ஒரு தொடுமுனையை மறைத்துவிட்டால், போர்டு ஏமாந்துபோய் 100 கொடுத்துவிடும் என்று சீனியர் ஒருவர் சொன்னார். டேப் ஒட்டலாம், நகப்பூச்சும் பூசலாம். அக்காவின் நெயில் பாலிஷை எடுத்தேன். சிவப்பு. கை நடுங்க, பக்கத்து முனையில் படாமல் தொட்டு, ஊதி ஊதிக் காய வைத்து, மாட்டி, பட்டனைத் தட்டினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 450 என்று வந்தது. வாழ்க்கையில் அதற்குப் பிறகு எனக்குச் சம்பள உயர்வுகள் வந்திருக்கின்றன, ஐம்பது சதவீதம் ஒருபோதும் வந்ததில்லை. அப்பா 300-க்குத்தான் மாதாமாதம் பிடித்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் 450 ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு மட்டும் விஷயம் தெரியும். "ஒரு முனைக்கு எதுக்குடா பாதி பாட்டில்?" என்று கேட்டாள், முதல் நான்கு முயற்சிகளைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை.

கல்லூரி மூன்றாம் வருஷம் பெட்டியை பஸ்ஸில் ஏற்றித் திருச்சிப் பக்கத்து ஹாஸ்டலுக்குக் கொண்டுபோனேன். நான்கு அறைகளில் நான்கு கணினிகள். அவற்றைக் கறுப்புக் கோஆக்சியல் கேபிளால் ஜன்னல் வழியாகத் தொடுத்து, ஒவ்வொன்றுக்கும் டி-கனெக்டர் மாட்டி, இரு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர் போட்டிருந்தோம். அந்த டெர்மினேட்டர்கள் கல்லூரி லேபிலிருந்து இரவலாக வந்தவை. இன்னும் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. ஒருவன் தூக்கக் கலக்கத்தில் காலால் ஒரு கனெக்டரை உதைத்தால் நால்வருக்கும் நெட்வொர்க் போகும். பர்மா பஜாரிலிருந்து வந்த சிடியில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம். ஆளுக்கு இருநூறு பேர் கொண்ட படை, மரம் வெட்டுகிற, ஆடு மேய்க்கிற வில்லேஜர்கள், விடிய விடிய யுத்தம்.

நால்வரில் ஒருவனிடம் பென்டியம் 166 எம்எம்எக்ஸ். அந்த விளையாட்டின் அட்டையில் போட்டிருந்த குறைந்தபட்சத் தகுதியே 166 மெகாஹெர்ட்ஸ்தான். ஆகவே அவன் பெயரே 166 ஆனது. இந்த விளையாட்டில் ஒரு விசேஷம் உண்டு. எந்த வீரன் எங்கே நிற்கிறான் என்பதை ஒரு கணினி இன்னொன்றுக்கு அனுப்புவதில்லை. அன்றைய டெலிபோன் மோடம்களில் அத்தனை விவரம் போகாது. யார் என்ன உத்தரவிட்டார் என்பது மட்டும் போகும். அதை வைத்து மொத்தப் போரையும் ஒவ்வொரு கணினியும் தனித்தனியே கணக்குப் போட வேண்டும், நான்கு விடைகளும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே, கணக்கில் பின்தங்குகிறவன் போட்டு முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். பழனிக்குப் பாதயாத்திரை போகிற கூட்டத்தில் வாலிபர்கள் எத்தனை பேர் இருந்தாலும், போகும் வேகம் கூட்டத்தில் இருக்கும் பாட்டியின் வேகம்தான். எங்கள் யாத்திரையில் 166-தான் பாட்டி. என் 450 அவனுக்குப் பின்னால் கைகட்டி நடந்தது. நான் நெயில் பாலிஷ் பூசிச் சம்பாதித்த நூற்றைம்பது மெகாஹெர்ட்சும் அவனுடைய அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தது.

எத்தனை திட்டியிருப்போம்! திட்டிக்கொண்டே, படைகள் நத்தையாக ஊர்ந்துகொண்டிருக்க, சுவர் தாண்டிக் கத்திப் பேசினோம். யாருக்கு அரியர் இருக்கிறது, யார் வீட்டிலிருந்து மணியார்டர் வரவில்லை, எவன் எந்தப் பெண்ணுக்கு எழுதிய கடிதத்தைக் கொடுக்காமலே வைத்திருக்கிறான் என்பதெல்லாம் 166-இன் மந்தகதியில் வெளியே வந்தவைதான்.

இருபத்தைந்து வருஷம் கழித்து, அதே நால்வர், அதே விளையாட்டு. 2019-இல் அதைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். இந்த முறை காசு கொடுத்து வாங்கினோம், பர்மா பஜார் பாவத்துக்குப் பரிகாரமாக. சனிக்கிழமை சென்னையில் இரவு எட்டரை, சிங்கப்பூரில் பதினொன்று, டாலஸில் காலை ஒன்பது, அங்கே குளிர்காலமாக இருந்தால். கோயம்புத்தூரில் 166. கோஆக்சியல் கேபிள் கடலுக்கடியில் போகும் கண்ணாடி இழையாக மாறிவிட்டது; யாரும் காலால் உதைக்க முடியாது. நாங்கள் நால்வர் ஒரு கட்சி, கணினியே ஆடும் நால்வர் எதிர்க்கட்சி, எட்டு இருநூறு ஆயிரத்து அறுநூறு உயிர்கள். ஐம்பதாவது நிமிஷம் எல்லாம் நத்தையாகும்.

"எவன்டா அது?" என்பான் டாலஸ்காரன். அவனிடம் இருப்பது 9800எக்ஸ்3டி, விளையாட்டுக்கென்றே செய்த சில்லு. திரையின் மூலையில் வரும் அடையாளம் என்னைக் காட்டும். வாலிபனாக இருந்தவன் பாட்டியாகிவிட்டேன்.

நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, சோதித்தேன். திரையின் ரெசொல்யூஷனைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டுதான் திணறுகிறது என்றால், வேலை குறைந்ததும் வேகம் கூட வேண்டும். இம்மியும் கூடவில்லை. கிராபிக்ஸ் கார்டு பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க, ஆறு கோரில் ஒன்று மட்டும் நூறு சதவீதத்தில் மூச்சுவாங்கியது. பந்தியில் ஆறு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், சாம்பார் வாளி ஒன்றுதான் என்றால் பரிமாறுகிறவர் ஒருவர்தானே. குற்றம் நிரூபணமானது.

ரிச்சி தெருவுக்குப் போனேன். வீட்டிலிருந்தே வாங்கலாம், ஆனால் வீட்டிலிருந்து வாங்குவதில் பன்னீர் சோடா இல்லை. பாயின் கடையில் இப்போது அவர் மகன். பாய் என்னைத் தம்பி என்றார், மகன் "வாங்க அங்கிள்" என்றார். துண்டுச் சீட்டு இல்லை, கால்குலேட்டரும் இல்லை, போனில் தட்டி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஏஎம்5 போர்டு சரி, பிராசஸர் சரி. மூன்றாவது வரியைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். ரேம் விலை பிராசஸர் விலையைத் தாண்டியிருந்தது.

"ஏஐ, அங்கிள். இருக்கிற மெமரியெல்லாம் டேட்டா சென்டர் அள்ளிட்டுப் போயிடுது" என்றார், ஆற்று மணல் கடத்தலைப் பற்றிச் சொல்லும் தொனியில். உண்மைதான். மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில், வீட்டுக் கணினிகளுக்கென்று விற்றுவந்த க்ரூஷியல் ரேம் வியாபாரத்தையே மூடிவிடப்போவதாக அறிவித்தது; பெரிய வாடிக்கையாளர்களுக்கே சரக்கு பற்றவில்லை. எந்திரத்துக்கு அறிவு வளர மெமரி தேவைப்படுகிறது. அப்பா இருந்திருந்தால் அதற்கும் வல்லாரைதான் சொல்லியிருப்பார்.

"வீடு மாற வேணாம், குடித்தனக்காரரை மட்டும் மாத்திக்கிறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ரைசன் 7 5700எக்ஸ்3டி இருக்கிறதா என்று கேட்டேன். மாடிக்கு ஆளனுப்பினார். கடைசிப் பீஸ் ஒன்று தூசியோடு வந்தது. 2024-இல் வந்த சில்லு, 2017-இல் வாங்கிய போர்டில் உட்காரும். சாக்கெட்டை அடிக்கடி மாற்றுவதே வழக்கமாகிவிட்ட உலகத்தில், பழைய சம்பந்தத்தை இத்தனை வருஷம் மதிக்கிற சாக்கெட் அபூர்வம்தான். அதைவிட முக்கியம் அதன் உள்ளே இருக்கும் கேஷ்: 96 எம்பி. சில்லின் மேல் இன்னொரு சில்லை மெத்தை கட்டியது போல அடுக்கிச் செய்திருக்கிறார்கள். மறுபடி அதே அஞ்சறைப் பெட்டிதான்! 1998-இல் 128 கேபி கொடுத்து என்னை மயக்கினார்கள். இப்போது அதைப் போல 768 மடங்கு கொடுத்து மயக்குகிறார்கள். என் முதல் கணினியின் மொத்த மெமரியை அதற்குள் மூன்று முறை போட்டு மூடிவைக்கலாம்.

இரவு வேலையைத் தொடங்கினேன். புதுச் சில்லைப் போர்டு அடையாளம் கண்டுகொள்ள, பழைய சில்லு இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். பாதியில் கரண்ட் போனால் போர்டு கட்டையாகிவிடும். யூபிஎஸ் இருக்கிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது, கரண்ட் போய் வாரங்கள் ஆகின்றன. இருந்தும் அந்த நான்கு நிமிஷம் நான் மூச்சுவிடவில்லை. தினமும் இரண்டு மணி நேரம் பவர்கட்டில் வாழ்ந்து பழகியவனின் உடம்பு இன்வெர்ட்டரை நம்பாது.

பிறகு விசிறியைத் தூக்கினேன். ஒன்பது வருஷப் பேஸ்ட் காய்ந்து கோந்தாகி இருந்தது. கொஞ்ச நேரம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, மெல்லத் திருகி எடுக்க வேண்டும் என்பது தெரியும், தெரிந்தவர்கள்தானே அவசரப்படுவார்கள். விசிறியோடு சில்லும் பிடுங்கிக்கொண்டு வந்தது, கீழே விழுந்தது. ஏஎம்4 சில்லுக்கு அடியில் 1331 பின்கள். ஒரு மூலையில் எட்டுப் பத்து சாய்ந்துவிட்டன. இனி எதற்கும் பயன்படாத சில்லு, அப்படியே விட்டிருக்கலாம். மகளின் மைக்ரோ டிப் பென்சிலில் முள்ளை எடுத்துவிட்டு, அதன் குழாய் முனையை ஒவ்வொரு பின்னிலும் மாட்டி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிமிர்த்தினேன். "அதான் தூக்கிப் போடப்போறீங்களே, எதுக்குப்பா நேராக்குறீங்க?" என்றாள் மகள். பதில் சொல்லாமல் அலமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்தேன். உள்ளே செலரான் அட்டை, விளிம்பில் இன்னும் ஒரு சிவப்புப் புள்ளி. "ஐயே, நெயில் பாலிஷ்!" என்றாள். ரைசனை அதன் பக்கத்தில் படுக்க வைத்து மூடினேன்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் அம்பு மாதிரிப் போனது. ஐம்பதாவது நிமிஷம் வரவே இல்லை. நாற்பத்தி மூன்றிலேயே எதிரிகள் சரணடைந்தார்கள். "சூப்பர்டா, கடைசியில மனுஷனாயிட்ட" என்றான் டாலஸ். ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சிங்கப்பூர்காரன் அப்பாவுக்கு ஆபரேஷன் என்ற விஷயம் எனக்கு அதற்கு அடுத்த வாரம் வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. என் பழைய சில்லு இருந்திருந்தால், குதிரைப் படை ஆற்றைக் கடப்பதற்குள் சொல்லியிருப்பான்.

மூன்றாவது வாரம் இன்னும் பெரிய போர். ஐம்பத்தைந்தாவது நிமிஷம், ஆஹா, நத்தை. நான் அவசரமாக மூலையைப் பார்த்தேன், நான் இல்லை. பாட்டியைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் தாத்தாவின் முழங்கால் கூட்டத்துக்குத் தெரியவரும். கோயம்புத்தூர். பட்டத்தை இருபத்தைந்து வருஷம் கழித்து அவன் மீட்டுக்கொண்டுவிட்டான். "டேய் 166!" என்று எல்லாப் பக்கமிருந்தும் திட்டு விழுந்தது. திட்டிக்கொண்டே சிங்கப்பூர்காரன், "அப்பா இப்ப நடக்குறாருடா" என்று தொடங்கினான்.

ஆட்டம் முடிந்தபின் 166 தனியாக எனக்குப் போன் செய்தான். "எல்லாருக்கும் என்னாலதான் தொல்லை. நீ மாத்தினியே, எனக்கும் எது போடலாம்னு சொல்லுடா" என்றான். அவனுடைய போர்டு எது, அதில் எந்தச் சில்லு உட்காரும், ரிச்சி தெருவில் எந்த மாடியில் தேட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு விரல்நுனியில் இருந்தன.

"இப்ப வேணாம்டா, விலையெல்லாம் ஏறிக் கிடக்கு" என்றேன். "கொஞ்ச நாள் பொறு."